மெற்றில்டாவின் நிறம் தேடிய அருளப்பு அண்ணை

கோயிலில் துக்க மணி விழத் தொடங்கியபோது நான் இறங்குதுறையில் மீன் விலை பேசிக்கொண்டு நின்றேன். மணி விழுந்தால் எங்கள் ஊர்காவற்றுறையில் எல்லாரும் முதலில் "ஆர் செத்தது?" என்றுதான் கேட்பார்கள். நான் கேட்கவில்லை. "ஆரெண்டாலும் அருளப்பு அண்ணைக்கு இண்டைக்கு வேலை வந்திட்டுது. செத்த ஆளின்ர படத்தில மூக்குச் சிவப்போ, காது மஞ்சளோ எண்டு அவர் பார்த்து முடிய, இஞ்ச அடக்கமும் முடிஞ்சு சனமும் வீட்டை போயிடும்" என்றேன். என் பகிடிக்கு வழக்கமாகச் சிரிக்கிற மீன்காரர்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. தராசு பிடித்திருந்தவர் தராசைக் கீழே வைத்தார்.

"திரேசாக்கா, மணி அவருக்குத்தான்" என்றார்.

மீனை வாங்கினேனா, விட்டுவிட்டு வந்தேனா என்று இப்போதும் நினைவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சடிக்கிற மலரில் அவரைப் பற்றி எழுதச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவருடைய நல்ல குணங்களைச் சுவாமியார் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தவர் பக்கத்துக் கடைக்காரர் அருளப்பு. அவருடைய ஸ்ரூடியோவுக்கும் என் தேத்தண்ணிக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் இருமினால் என் கிளாசுகள் கிலுங்கும். நான் பாடினால் அவர் பலகையில் தட்டி நிறுத்தச் சொல்லுவார். நான் இன்னும் உரத்துப் பாடுவேன்.

அவரை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் கறுப்பு வெள்ளைப் படக்காரர். சண்டைக்கு முந்திய காலத்தில் தீவுப்பகுதியில் கலியாணம், ஞானஸ்நானம், செத்தவீடு எதுவென்றாலும் அவருடைய கமராதான். அவருடைய பெரிய கெட்டித்தனம் படம் எடுப்பதில் இல்லை, திருத்துவதில் இருந்தது. நெகற்றிவை ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்து, கீழே விளக்கை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அதன் மேலேயே கீறுவார். அம்மைத் தழும்பு மறையும். மாறு கண் நேராகும். பிரதி எடுத்து வைத்துக்கொண்டு திருத்துகிற வேலையல்ல அது. இருப்பது ஒரே நெகற்றிவ். திருத்தினால் திருத்தினதுதான். "நெகற்றிவில கை வைக்கிறது ஆளின்ர முகத்தில கை வைக்கிறதுதான், திரேசா. பிழைச்சால் அழிக்கேலாது" என்று சொல்லுவார். அந்தப் பழக்கத்திலேயே அவருடைய கை ஊறியிருந்தது.

பிறகு நாங்கள் எல்லாரும் ஓடினோம். தீவை விட்டு யாழ்ப்பாணத்துக்கும், யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கும் ஓடினோம். அந்த ஓட்டத்தில் அவருடைய மனைவி காய்ச்சலில் போனார். ஒரே மகள் மெற்றில்டா முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு கடற்றொழிலாளியைக் கலியாணம் முடித்து அங்கேயே இருந்துவிட்டாள். அண்ணை மட்டும் தொண்ணூற்றாறில் ஊருக்குத் திரும்பினார். ஸ்ரூடியோவுக்கு நாலு சுவர் இருந்தது, கூரை இல்லை. நிவாரணத்துக்குக் கிடைத்த நீலத் தறப்பாளை மேலே கட்டிக்கொண்டு தொழிலைத் தொடங்கினார். அடையாள அட்டைக்குப் படம், ஊர் விட்டு ஊர் போக எடுக்கிற பாசுக்குப் படம், வீட்டிலுள்ள எல்லாரும் வரிசையில் நிற்கிற பதிவுப் படம். அந்தக் காலத்தில் சனம் சிரிக்கத் தேவையில்லாத படங்கள்தான் அதிகம் எடுபட்டன.

சமாதான காலத்தில் சுவிசிலிருந்து அவருடைய தங்கச்சியின் மகன் றெஜி வந்தான். ஒரு டிஜிற்றல் கமராவையும் ஒரு லப்டொப்பையும் கொடுத்து, "மாமா, இனிப் பென்சில் வேண்டாம், எல்லாம் இதுக்குள்ள" என்றான். அண்ணை லப்டொப்பைச் சவப்பெட்டியைத் திறக்கிற மாதிரி மெல்லத் திறந்தார். நான் பலகைக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கவனம் அண்ணை, உள்ளுக்கு ஆரும் கிடக்கப் போகினம்" என்றேன்.

அதே காலத்தில்தான் வன்னிப் பாதை திறந்து மெற்றில்டா வந்தாள். தகப்பனோடு சில நாள் நின்றாள். புதுக் கமராவில் அவளை எடுக்க வேண்டும் என்று அண்ணைக்கு ஒரே ஆசை. அவளோ கமராவைக் கண்டால் கம்பு மாதிரி நிற்கிற பிள்ளை. தறப்பாளுக்குக் கீழே கதிரையில் இருந்தாள். அண்ணை "கொஞ்சம் சிரி பிள்ளை, கொஞ்சம்" என்று கெஞ்ச, அவளுடைய வாய் இன்னும் இறுகியது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

"மெற்றி, உன்ர கொப்பர் என்னை எடுத்த படத்தைப் பார்த்தனியே? நான் வாயை மூட முதல் அமத்திப்போட்டார். பல்லு மட்டும் விழுந்திருக்கு, ஆளைக் காணேல்லை. சங்கக்கடையில கூப்பனுக்கு அதைக் குடுக்க, பல்லுக்கு மட்டும்தான் அரிசி தருவம் எண்டிட்டாங்கள்."

அவள் சிரித்தாள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு கையால் காதோரத்து மயிரை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். அண்ணை அமத்தினார். நன்றாக விழுந்த படம் அது ஒன்றுதான். அவள் திரும்பிப் போனாள்.

படத்தில் முகம் நீலமாக இருந்தது. அண்ணைக்கு அது அப்போது தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் லப்டொப் திரையின் நிறத்தைச் சரிசெய்ததும் அதே தறப்பாளுக்குக் கீழேதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் திரையில் மூன்று கோடுகள். கோட்டில் உள்ள குமிழை அங்கும் இங்கும் இழுக்கலாம். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியுமட்டும் இழுத்தார். பகலில் தறப்பாளின் கீழ் வெள்ளைத் தாளே நீலந்தானே, திரையும் நீலமாகிவிட்டது. பின்னேரம் மஞ்சள் குமிழ் விளக்கைப் போட்டுக்கொண்டு கலியாணப் படங்களைத் திருத்த உட்காருவார். அந்த வெளிச்சத்தில் எல்லா முகமும் நீலம் பாரித்துத் தெரியும். அவர் மஞ்சளைக் கூட்டுவார், சிவப்பைக் கூட்டுவார். சீடியை யாழ்ப்பாணத்து லாப்புக்குக் கொடுத்துவிட்டு அச்சாகி வந்ததைப் பார்த்தால், மணமக்கள் தொடக்கம் சுவாமியார் வரை எல்லாரும் மஞ்சள்.

மாப்பிள்ளையின் தாய் அல்பத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "அருளப்பர், என்ர மகனுக்குச் செங்கமாரியோ?"

"இல்லைத் தங்கச்சி, திரையில நல்லாத்தான் இருந்தது."

"அப்ப பொம்பிளை அந்தத் திரையைக் கட்டட்டும்" என்று அந்த அம்மா போய்விட்டார்.

அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியோடு போனேன். "அண்ணை, நான் பகலில உங்கட தறப்பாளுக்குக் கீழ வந்தால் நீலம். பின்னேரம் உங்கட குமிழுக்குக் கீழ வந்தால் மஞ்சள். என்ர கடைக்குப் போனால்தான் பழையபடி கறுப்பி. உந்த லப்டொப் பாவம், எந்தத் திரேசாவை நம்பும்?"

அவர் சிரிக்கவில்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே தறப்பாளை அண்ணாந்து பார்த்தார். பிறகு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே முற்றத்து நிழலுக்குப் போய் மெற்றில்டாவின் படத்தைத் திறந்தார். நானும் பார்த்தேன். கடலில் மிதந்து வந்த பிள்ளையைப் போல இருந்தாள். அவர் சட்டென்று மூடிவிட்டார்.

"இதைத் திருத்த வேணும்" என்றார். "ஆனால் திரை பொய் சொல்லுறதை நிப்பாட்டுமட்டும் அவளில கை வைக்க மாட்டன்."

அன்றிலிருந்து அவருடைய வாழ்க்கை அந்தத் திரையைச் சரிசெய்வதுதான். தறப்பாளைக் கழற்றித் தகரம் போட்டார். நிறமுள்ள சுவர் கண்ணை ஏமாற்றும் என்று, சுண்ணாம்பில் சிரட்டைக் கரியை அரைத்துக் கலந்து ஸ்ரூடியோ முழுவதற்கும் சாம்பல் நிறம் பூசினார். "அண்ணை, சவக்காலை மாதிரிக் கிடக்கு, பொம்பிளை மாப்பிள்ளை இஞ்ச வராயினம்" என்றேன். உண்மையாகவே சிலர் வாசலோடு திரும்பினார்கள். மஞ்சள் குமிழைக் கழற்றி ரியூப் லைற் போட்டார். திரையைக் கொஞ்சம் சாய்த்தால் முகம் கறுக்கிறது, நிமிர்த்தினால் வெளிறுகிறது என்று கண்டு, பனஞ்சிலாகைத் துண்டொன்றைச் சீவிப் பின்னால் முட்டுக் கொடுத்தார். பிஸ்கற் பெட்டி மட்டைக்குக் கறுப்புப் பூசித் திரையைச் சுற்றி முக்காடு போட்டார். "அண்ணை, உங்கட லப்டொப் கோயிலில நன்மை எடுக்கப் போற பொம்பிளை மாதிரி இருக்கு" என்று நான் சொன்னதற்கு மட்டும் அவர் சிரித்தார். மின்சாரம் நின்றால் லப்டொப் தன்பாட்டில் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அப்போது எந்த வேலையாக இருந்தாலும் கையை எடுத்துவிடுவார். எங்கள் தீவில் மின்சாரம் நிற்காத நாள் ஏது? பாதி நாள் சும்மாதான் இருந்தார்.

றெஜி தொலைபேசியில், திரையில் ஒட்டிவிட்டால் நிறங்களைத் தானே பார்த்துச் சரிசெய்கிற ஒரு சாமான் இருக்கிறது என்று சொன்னான். பாதை மூடுவதற்குச் சற்று முந்தி, ஊருக்கு வந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டான். யாழ்ப்பாணத்தில் அதை வாங்கிக்கொண்டு வரும்போது நானும் அதே பஸ்ஸில் வந்தேன். அண்ணை மடியில் குழந்தையை வைத்திருக்கிற மாதிரி அதை வைத்திருந்தார். எலிக்குஞ்சளவு சாமான், வாலுக்கு ஒரு வயர்.

இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கினோம். சோதிக்கிறவர் அதைக் கையில் எடுத்தார். "இது என்ன?"

"நிறம் பார்க்கிறது ஐயா. கொம்பியூட்டர் திரையில ஒட்டினால் நிறம் சரியோ பிழையோ எண்டு சொல்லும்."

"ஏன், உங்களுக்குக் கண் இல்லையா?"

பஸ்ஸில் வந்த சனம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் வாயைக் கொடுத்தேன். "கண் இருக்கு ஐயா. வயசு போயிட்டுது, எனக்குப் பக்கத்தில இருக்கிறார், என்னைப் பார்த்துப் பார்த்துப் பழுதாப் போச்சு."

அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சாமான் மேசைக்கு அடியில் போய்விட்டது. பிறகு வரச் சொன்னார்கள். அண்ணை பிறகும் போனார், பிறகும் போனார். ஆட்கள் மாறிவிட்டார்கள். அதைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியாகப் போய் வந்த அன்று அவர் என் கடையின் வாங்குப் பலகையில் இருந்தபடி சொன்னார்: "அந்தப் பெடியன் கேட்டது சரிதானே, திரேசா. கண் இருக்குத்தானே."

அதற்குப் பிறகு என் முகம் அகப்பட்டது. மெற்றில்டாவின் நிறமும் என் நிறமும் ஒன்று. கடற்கரையில் வளர்ந்த எங்களுக்கு ஏறக்குறைய ஒரே நிறந்தான். காலை வெயில் நேராக வாசலில் விழும்போது என்னைக் கூப்பிட்டு நிறுத்தி ஒரு படம் எடுப்பார். அதைத் திருத்தி லாப்புக்கு அனுப்புவார். அச்சாகி வந்ததும் என்னைத் திரும்ப வாசலில் நிறுத்துவார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் படம், நடுவில் முக்காடு போட்ட திரை. "மூண்டும் ஒரே கதையைச் சொல்ல வேணும்" என்பார்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி" என்று நான் கையெடுத்துக் கும்பிடுவேன். "இதில நான் ஆர் அண்ணை?"

"நீர் வாயை மூடிக்கொண்டு நில்லும். கதைச்சால் முகத்தில நிழல் ஆடுது."

"அண்ணை, என்ர மனிசன் கலியாணத்துக்கு முதலும் என்ர முகத்தை இவ்வளவு பார்த்ததில்லை."

"பார்த்திருந்தால் முடிச்சிருப்பானோ?"

இப்படித்தான் அந்த வருடங்கள் போயின. நாங்கள் சிரித்ததை எழுதும்போது அது நல்ல காலம் போலத் தெரிகிறது. நல்ல காலமல்ல. பாதை மூடிவிட்டது. மெற்றில்டாவின் குரல் எப்போதாவது யாரோ ஒருவருடைய தொலைபேசியில் வரும், பாதியில் அறுந்துவிடும். எங்கள் பக்கத்திலும் வீட்டை விட்டுப் போன ஆட்கள் திரும்பி வராமல் போனார்கள். அவர்களுடைய பெற்றோர் படம் பெருப்பிக்க அண்ணையிடம் வந்தார்கள். வேலணையிலிருந்து வந்த ஒரு தாய் சொன்னதை அவர் மறக்கவேயில்லை. மகன் பச்சைச் சேட்டோடு போனான் என்று அந்தத் தாய் முறைப்பாட்டில் சொல்லியிருந்தார். அதே சேட்டோடு முந்தி எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் காட்ட, படத்தில் சேட்டு நீலம். சொன்னதும் படமும் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"கேட்டீரோ?" என்றார் அண்ணை அன்றைக்கு. "நிறம் பிழைச்சால் ஆள் இல்லாமல் போயிடும்."

இரண்டாயிரத்தொன்பது தொடங்கும்போதே வன்னியிலிருந்து குரல் வருவது நின்றுவிட்டது. வானொலியில் இடங்களின் பெயர்கள் வரும். முதலில் மெற்றில்டா இருந்த ஊர், பிறகு அதற்கு அங்கால் உள்ள ஊர், பிறகு கடல். வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். தப்பி வந்த சனத்தை வவுனியா முகாம்களில் வைத்திருக்கிறார்கள் என்றும், படம் இருந்தால் காட்டி விசாரிக்கலாம் என்றும் கதை வந்தது. அண்ணை அப்போதுதான் அவளில் கை வைத்தார். திரையை நம்பினார். முகத்திலிருந்த நீலத்தை வாங்கி வாங்கி வெளியே எடுத்தார். லாப்பிலிருந்து அந்தப் படம் வந்தபோது நான் வாசல் வெயிலில் நின்றேன், அவர் அதை என் கன்னத்தோடு வைத்துப் பார்த்தார். பிசகவில்லை. மெற்றில்டா காதோரம் கையை வைத்துக்கொண்டு, தன் சொந்த நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் முகாமிலிருந்து முதலில் விடப்பட்ட முதியவர்களோடு பக்கத்து ஊரான கரம்பன் பெண்ணொருத்தி திரும்பி வந்திருந்தார். அவருக்குப் படத்தைக் காட்டினோம். அந்தப் பெண் படத்தைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. இப்பிடி ஒருத்தரும் அங்க இல்லை. எல்லாரும் ஒரே கறுப்பு. வெயிலும் பட்டினியும். பல்லுத் தெரியச் சிரிச்ச ஆளை நான் அங்க காணேல்லை. இந்தப் படத்தை வைச்சு அவளைக் கண்டுபிடிக்கேலாது. நானே என்ர தங்கச்சியை மூண்டு நாள் பக்கத்தில இருந்தும் அடையாளம் பிடிக்கேல்லை."

அண்ணை நன்றி சொல்லிவிட்டு வந்தார். அன்று பின்னேரமே பென்சிலைச் சீவினார். கையிலிருந்த அந்த ஒரே அச்சுப் படத்தின் மேலேயே கன்னத்தில் குழி கீறினார். கண்ணுக்குக் கீழ் நிழல் கீறினார். பல்லை மறைத்து உதட்டை மூடினார். நான் "அண்ணை, பாவம், அந்தச் சிரிப்பை விடுங்கோ" என்றேன்.

"அங்கயிருந்து வாறவள் சிரிச்சுக்கொண்டோ இருப்பாள்?"

பிறகு அதே மாதிரி லப்டொப்பில் செய்தார். என் முகத்தைக் கொண்டு தேடிப் பிடித்த நிறத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கறுப்பாக்கினார். எவ்வளவு கறுப்பு என்று அவருக்கு யார் சொல்லுவது? இதற்கு வாசலில் நிறுத்த ஆள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்ப்பார், திரையில் குமிழை இழுப்பார். கீழே தன் தொலைபேசி இலக்கத்தைப் போட்டு அச்சடித்து, முகாமுக்குப் போகிற ஓர் அருட்சகோதரியிடம் கொடுத்துவிட்டார். தண்ணீருக்கு வரிசை நிற்கிற இடத்தில் கட்டிவிட்டதாக அந்தச் சகோதரி சொல்லியனுப்பினார்.

ஒரு நாள் காலை தொலைபேசி அடித்தது. அவருடைய போனில் பேசினால் என் கடைக்கும் கேட்கும். ஒரு பெண் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஐயா, தண்ணி வரிசையில படம் கட்டினது நீங்களோ? அது என்ர பிள்ளை ஐயா. சுகந்தி. அவளை எங்க வைச்சிருக்கிறீங்கள்?"

"இல்லையம்மா, அது என்ர மகள்."

"என்ர பிள்ளையை எனக்குத் தெரியாதோ? அந்தக் கன்னம், அந்த மூடின வாய். கடைசியா அப்பிடித்தான் இருந்தவள். ஐயா, சொல்லுங்கோ ஐயா."

"பொறுங்கோ அம்மா. பழைய படத்தைப் பார்த்துச் சொல்லுறன்."

நான் போய் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் லப்டொப்பில் ஒன்றைத் திறந்தார். வாடின முகம். இன்னொன்றைத் திறந்தார். அதே வாடின முகம். அங்கே பழைய படம் இல்லை. நெகற்றிவின் மேல் கீறிக் கீறிப் பழகிய கை, லப்டொப்பிலும் அந்த ஒரே படத்தின் மேலேயே வேலை செய்து, அதன் மேலேயே சேமித்துக்கொண்டு வந்திருக்கிறது. பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கமராவின் அட்டையில் எத்தனையோ கலியாணங்கள் ஏறி இறங்கிவிட்டன. லாப்புக்குப் போன சீடிகள் திரும்பி வருவதில்லை. சிரித்த அச்சுப் படத்தில் பென்சில் ஏறிவிட்டது. சிரித்த மெற்றில்டா உலகத்தில் எங்கும் இல்லை.

தொலைபேசியில் அந்தத் தாய் "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணை திரையைப் பார்த்தபடி அதை எடுத்தார்.

"எனக்குத் தெரியேல்லை அம்மா" என்றார். "உங்கட பிள்ளையாகவும் இருக்கலாம்."

அதற்குப் பிறகு அவர் ஸ்ரூடியோவை ஒழுங்காகத் திறக்கவில்லை. அப்படி வேறு தொலைபேசிகளும் வந்தன, வேறு தாய்மார், வேறு பெயர்கள். அவர் எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சாப்பாடு கொண்டுபோனால் மூடி வைத்துவிடுவார். நான் எனக்குத் தெரிந்த வழியில் பார்த்தேன்.

"அண்ணை, ஏன் யோசிக்கிறீங்கள்? மாதிரிக்கு என்ர முகம் இருக்கல்லோ. திரும்பச் செய்யலாம். இந்த முறை கூலி கேக்க மாட்டன்."

அவர் என்னை வடிவாகப் பார்த்தார். அத்தனை வருடம் நிறம் பார்த்த கண்.

"நிறம் இருக்கு, திரேசா" என்றார். "சிரிப்பை ஆரில பார்த்து எடுக்கிறது?"

நான் அவர் மூடி வைத்திருந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். சில கிழமைக்குள் நெஞ்சு நோவென்று விடியப்புறம் சாய்ந்தவர் எழும்பவில்லை. அடக்கத்துக்கு ஊர் முழுவதும் வந்தது. மஞ்சள் மாப்பிள்ளையின் தாயும் வந்து, தலைமாட்டில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அடக்கம் முடிந்து சில நாளில் என் கடைக்கு ஒரு வயதான அம்மா வந்தார். கொடிகாமத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். முகாமிலிருந்து விட்டபின் அங்கே சொந்தக்காரரோடு இருக்கிறாராம். "படக்கார ஐயா?" என்று கேட்ட குரலிலேயே முதல் தொலைபேசி யார் என்று தெரிந்துவிட்டது. ஐயா இல்லை என்று சொன்னேன். தேத்தண்ணி கொடுத்தேன். ஸ்ரூடியோவில் மிஞ்சியிருந்த அந்த வாடின முகப் படத்தைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா, இது உங்கட பிள்ளை இல்லை" என்றேன்.

"ஓம் பிள்ளை. கிட்டப் பார்க்கத் தெரியுது. அவளுக்கு உதட்டுக்குக் கீழ, நாடியில ஒரு மறு இருந்தது."

படத்தை மேசையில் வைத்தார். ஆனால் கையை எடுக்கவில்லை.

"எங்களிட்ட இருந்த படமெல்லாம் பங்கருக்குள்ள போச்சுது. ஒண்டும் இல்லை. இதை நான் கொண்டு போகட்டோ?"

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? அந்த அம்மா எழுந்து, அடுப்பால் இறக்கி வைத்திருந்த கேத்திலின் அடியில் விரல் நுனியைத் தொட்டார். கரி ஒட்டிய விரலைப் படத்துக்கு மேலே கொண்டுபோய், இடம் பார்த்து, மெற்றில்டாவின் நாடியில் ஒரு சின்னப் பொட்டாக வைத்தார். உதிர்ந்த கரித்தூளை ஊதிவிட்டார். சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அருளப்பு அண்ணை, உங்கள் மகளை ஒரு தாய் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே எல்லாரும் உங்கள் ஆத்துமத்துக்காக மன்றாடுகிறார்கள். நானும் முழங்காலில் நிற்கிறேன், ஆனால் கேட்பது வேறு. நீங்கள் போயிருக்கிற இடத்தில் மெற்றில்டா உங்களுக்கு முந்திப் போய் நிற்கக் கூடாது என்று கேட்கிறேன். அங்கே நீங்கள் தனியாகவே இருங்கள், அண்ணை.